பெரிய மரக்கட்டை அறுக்க எந்தச் செயின்சா, எத்தனை இன்ச் பார்? முழுமையான வழிகாட்டி

செயின்சா வாங்கப் போகிறவரின் கண் முதலில் பாரின் நீளத்தில்தான் விழும். 22 இன்ச் பார் மாட்டிய மிஷின், 18 இன்ச் மாட்டியதைவிடப் பலசாலியாகத் தெரியும். ஆனால் பார் என்பது செயின் ஓடுவதற்கான தண்டவாளம் மட்டுமே. இழுப்பது எஞ்சின், வெட்டுவது செயினின் பல். எஞ்சினால் இழுக்க முடியாத நீளத்துக்குப் பார் போட்டால் கட்டையின் நடுவில் செயின் நிற்கும், கிளட்ச் தேயும், ஒரு மணி நேர வேலை அரை நாள் ஆகும்.

அதனால் முதலில் கட்டை, பிறகு எஞ்சின், பிறகு பார், கடைசியில் செயின் என்ற வரிசையில் முடிவு செய்யுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அப்புறம் மிஷினைக் குறை சொல்கிறார்கள்.

1. கட்டையை அளந்துகொள்ளுங்கள்

கண்ணளவு வேண்டாம். டேப்பையோ கயிற்றையோ கட்டையைச் சுற்றிப் பிடித்துச் சுற்றளவை எடுத்து, 3.14 ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். சுற்றளவு 94 இன்ச் என்றால் விட்டம் சுமார் 30 இன்ச். பட்டையோடு சேர்த்தே அளக்கவும், ஏனென்றால் பார் பட்டையையும் தாண்டித்தான் போக வேண்டும். அடிமரம் வேரை நோக்கி விரியும் இடமும் கிளை பிரியும் கவட்டையும் மற்ற இடங்களைவிட நன்றாகவே தடிமனாக இருக்கும். அங்கே அறுக்க வேண்டியிருந்தால் அந்த இடத்தைத் தனியாக அளக்க வேண்டும்.

அளந்ததில் மிகப் பெரியதை வைத்து மிஷின் வாங்க வேண்டாம். பத்துக் கட்டையில் எட்டு எந்தத் தடிமனில் வருகிறது என்று பாருங்கள். மிஷின் அந்த எட்டுக்குத்தான். மீதி இரண்டை இரு பக்கமாக அறுத்துச் சமாளிக்கலாம், அந்த முறை கீழே வருகிறது.

மரத்தின் தன்மையும் கணக்கில் வரும். ஈரமான மென்மரத்தில் பல் சுலபமாக இறங்கும். காய்ந்து வைரம் பாய்ந்த கட்டையில் அதே எஞ்சின் திணறும். தேக்கு போன்ற சில மரங்களில் சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் போகும். கடினமான மரம்தான் உங்கள் வேலை என்றால், அடுத்து வரும் பட்டியலில் பார் நீளத்தை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

2. எத்தனை இன்ச் பார் வேண்டும்?

ஒரே பக்கத்திலிருந்து ஒரே வீச்சில் அறுக்க, கட்டையின் விட்டத்தைவிடப் பார் 2 இன்ச் கூடுதலாக இருக்க வேண்டும். 18 இன்ச் கட்டைக்கு 20 இன்ச் பார் சரி.

இரு பக்கமிருந்தும் அறுத்தால் கணக்கே வேறு. பாரின் நீளத்தைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு தடிமன் வரை போகலாம். நடைமுறையில் 20 இன்ச் பாரை வைத்துச் சுமார் 36 இன்ச் கட்டை வரை முடிக்கலாம். முழு இரு மடங்கு கிடைக்காது, ஏனென்றால் இரண்டு வெட்டும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினால்தான் கட்டை பிரியும். மிஷினின் முகப்பிலுள்ள பம்பர் முள்ளும் அரை இன்ச், ஒரு இன்ச் எனத் தின்றுவிடும்.

நீளத்தை அளப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. பாரைக் கழற்றி முனைக்கு முனை அளந்தால் அது மொத்த நீளம். கடையில் சொல்லும் நீளம் வேறு: பாரை மாட்டிய நிலையில், மிஷின் முகப்பிலிருந்து பார் நுனி வரை உள்ள தூரம், பெரும்பாலும் அடுத்த முழு இன்ச்சுக்கு ஏற்றிச் சொல்லப்படுவது. மொத்த நீளத்தைச் சொல்லி மாற்றுப் பார் கேட்டால் தவறான பார்தான் கைக்கு வரும்.

3. எஞ்சின்: மரத்துக்குள் எத்தனை பல்?

பொதுவான 3/8 பிட்ச் செயினில் (பிட்ச் என்பது செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு, விவரம் 4ஆம் பகுதியில்) ஒன்றரை இன்ச்சுக்கு ஒரு வெட்டும் பல் வரும். 32 இன்ச் பார் போட்டு 30 இன்ச் கட்டையின் நடுவில் இறங்கும்போது, ஒரே நேரத்தில் 20 பல் மரத்தைச் சீவிக்கொண்டிருக்கும். அதே கட்டையை 20 இன்ச் பாரால் இரு பக்கமாக அறுத்தால், எந்த நேரத்திலும் 13 பல்லுக்கு மேல் மரத்துக்குள் இருக்காது. எஞ்சின் இழுக்க வேண்டிய சுமை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 70 சிசி மிஷின் 13 பல்லைச் சளைக்காமல் இழுக்கும். 20 பல் என்றால், அதுவும் வைரக்கட்டையில், மூச்சு வாங்கும். நீளப் பார் போட்ட சிறிய மிஷின் ஏன் நின்றுபோகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

எஞ்சின் அளவுக்குப் பொருந்தும் பார் நீளம்:

- 30–40 சிசி: 12 முதல் 16 இன்ச். கிளை, விறகு. பெரிய கட்டைக்கு ஆகாது.
- 45–50 சிசி: 16, 18 இன்ச்.
- 60 சிசி: 18, 20 இன்ச். மென்மரத்தில் 24 வரை.
- 70 சிசி: 20 முதல் 24 இன்ச். மென்மரத்தில் 28.
- 90 சிசி: 24 முதல் 32 இன்ச். மென்மரத்தில் 36.
- 120 சிசி: 36 இன்ச்சும் அதற்கு மேலும்.

உதாரணமாக ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி 70.7 சிசி, ஸ்டில் எம்எஸ் 661 91.1 சிசி, எம்எஸ் 881 121.6 சிசி. 24 முதல் 30 இன்ச் வரையிலான கட்டைகளை அடிக்கடி அறுப்பவருக்கு எங்கள் தேர்வு 70 சிசி மிஷினும் 20 இன்ச் பாரும். 36 இன்ச்சுக்கு மேற்பட்ட கட்டை தினசரி வேலையாக இல்லாவிட்டால் 90 சிசி வாங்குவது தோளுக்குத்தான் தண்டனை.

எடையைப் பாருங்கள்: பார், செயின், எரிபொருள் இல்லாமல் 50 சிசி மிஷின் சுமார் 5 கிலோ, 70 சிசி ஆறு ஆறரை, 90 சிசி ஏழரையை ஒட்டி, 120 சிசி 10 கிலோ. நீளப் பார் ஏறினால் முன்பக்கம் தாழும். அந்தப் பாரத்தை நாள் முழுக்கத் தூக்கிப் பிடிப்பது உங்கள் இடக்கை.

மலிவான மிஷின்களில் ஒட்டியிருக்கும் சிசி எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சிலிண்டரின் உள்விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் தெரிந்தால் நீங்களே கணக்கிடலாம். இரண்டையும் சென்டிமீட்டரில் எடுத்து, விட்டம் × விட்டம் × 0.785 × ஓட்டம். 50 மில்லிமீட்டர் விட்டம், 36 மில்லிமீட்டர் ஓட்டம் என்றால் 5 × 5 × 0.785 × 3.6, அதாவது 70 சிசியைச் சற்றுத் தாண்டும்.

பேட்டரி செயின்சா? சத்தம் குறைவு, உடனே ஓடும், சின்ன வேலைக்கு அருமை. தடித்த கட்டையைத் தொடர்ந்து அறுக்கும்போது பேட்டரி மளமளவென்று இறங்கும். இந்த வேலைக்கு இன்னும் பெட்ரோல் மிஷின்தான்.

4. பாரும் செயினும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்

நீளம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதி. புழக்கத்தில் இருப்பவை .325, 3/8, .404 இன்ச். சிறிய மிஷின்களில் 3/8 லோ புரொஃபைல் என்று ஒன்று வரும். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அது சாதாரண 3/8க்குப் பதிலாகப் போடக்கூடியதல்ல. செயினின் பிட்ச்சும், எஞ்சின் பக்கத்து ஸ்ப்ராக்கெட்டும் (செயினை இழுக்கும் பல்சக்கரம்), பார் நுனியிலுள்ள ஸ்ப்ராக்கெட்டும் ஒரே பிட்ச்சில் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் செயின் துள்ளும், பல்சக்கரம் நாசமாகும்.

கேஜ்: பாரின் பள்ளத்துக்குள் இறங்கும் டிரைவ் லிங்க்கின் தடிமன். இன்ச்சில் .050 (1.3 மில்லிமீட்டர்), .058 (1.5), .063 (1.6) என்று வரும். .063 பாரில் .050 செயின் ஏறத்தான் ஏறும், ஆனால் உள்ளே ஆடிக்கொண்டு வெட்டைக் கோணலாக்கும். .050 பாரில் .063 செயின் நுழையவே நுழையாது.

டிரைவ் லிங்க்: செயினின் அடிப்பக்கம் கூராகத் துருத்தி நிற்கும் துண்டுகள். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுவதுதான் வழி. 3/8 பிட்ச்சில் 20 இன்ச் பாருக்குப் பொதுவாக 72 லிங்க் வரும். "20 இன்ச் செயின் குடுங்க" என்று கேட்பது மட்டும் போதாது என்பதற்கு ஓர் உதாரணம்: 84 லிங்க் செயின் ஹஸ்க்வர்னாவின் 24 இன்ச் பாருக்கும் பொருந்தும், ஸ்டில்லின் 25 இன்ச் பாருக்கும் பொருந்தும். 36 இன்ச்சில் ஒன்றுக்கு 115, இன்னொன்றுக்கு 114. ஒரு லிங்க் வித்தியாசத்தில் செயின் ஏறாமல் போகலாம்.

இந்த மூன்று விவரமும் பாரின் பின்முனையில், மிஷினோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பாரின் பின்முனையிலுள்ள நீள்வாய், டென்ஷன் ஊசி நுழையும் ஓட்டை, ஆயில் துவாரம் மூன்றும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆயில் துவாரம் சற்றே விலகியிருக்கும் பாரைக்கூட மாட்டிவிடலாம், ஆனால் ஆயில் வெளியே வழியும், செயின் வறண்டு ஓடும்.

5. செயின் வகை

1946இல் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, அமெரிக்காவின் ஒரிகான் காட்டில் ஒரு வண்டின் புழு மரத்தை இடமும் வலமுமாகக் குடைந்துகொண்டு போவதைக் கவனித்தார். அந்தத் தாடையைப் பார்த்து அவர் வடித்த பல்தான், இடம் ஒன்று வலம் ஒன்று என்று மாறி மாறி வரும் இன்றைய செயினுக்கு மூலம். இடப் பல்லும் வலப் பல்லும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

பல்லின் மூலை கூர்கோணமாக இருந்தால் ஃபுல் சிசல். சுத்தமான, பச்சை மரத்தில் வேகமாக அறுக்கும், மண் பட்டால் நொடியில் மழுங்கும். மூலை சற்று உருண்டிருந்தால் செமி சிசல். வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் காய்ந்த மரத்திலும் அழுக்குப் பட்டையிலும் கூர் நிற்கும். தரையில் கிடக்கும் பெரிய கட்டைகளுக்கு நாங்கள் செமி சிசல் பக்கம்தான்.

28 இன்ச்சும் அதற்கு மேலும் பார் போட்டால் ஸ்கிப் செயினைப் பாருங்கள். அதில் பல் இடைவெளி விட்டு வரும்: 3/8 பிட்ச்சில் ஒன்றரை இன்ச்சுக்குப் பதில் இரண்டே கால் இன்ச்சுக்கு ஒரு பல். 30 இன்ச் வெட்டில் 20 பல் 13 ஆகிவிடும். எஞ்சின் சுமை குறைவதோடு, நீளமான வெட்டுவாயிலிருந்து சீவலை அள்ளிக்கொண்டு வெளியேற இடமும் கிடைக்கும். அரம் போட வேண்டிய பல் குறைவது கூடுதல் லாபம். குட்டைப் பாரில் ஸ்கிப் செயின் வேண்டாம், உதறும்.

6. மாட்டுவதும் இறுக்குவதும்

பார் நட்டை விரலால் முடிகிற அளவுக்கு மட்டும் வைத்து, பார் நுனியைக் கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு டென்ஷன் திருகைத் திருப்புங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தைத் தொட வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். நுனியைத் தூக்கிய நிலையிலேயே நட்டை இறுக்குங்கள். தூக்காமல் இறுக்கினால், அறுக்கத் தொடங்கியதும் பார் மேலே நகர்ந்து செயின் தொய்ந்துவிடும். நீளப் பாரில் இது கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

சூட்டில் செயின் நீளும். ஓடும்போது இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது சுருங்கும் செயின் பாரையும் எஞ்சின் தண்டையும் இழுத்துப் பிடித்துக் கெடுத்துவிடும்.

அடுத்து ஆயில். பார் நீளமானால் பம்ப் கூடுதலாகத் தள்ள வேண்டும். மிஷினின் அடியில் ஆயில் திருகு இருந்தால் கூட்டி வைக்கவும். சோதனை எளிது: வெளிர்நிறக் கட்டை அல்லது அட்டைக்கு மேல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் பார் நுனியைப் பிடித்து மிஷினை முடுக்குங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் ஆயில் வழியையும் பாரின் பள்ளத்தையும் சுத்தம் செய்யாமல் வேலையைத் தொடங்காதீர்கள். பெரும்பாலான மிஷின்களில் பெட்ரோல் தீரும்போது ஆயில் டாங்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி அமைப்பு இருக்கும். பெட்ரோல் தீர்ந்தும் ஆயில் பாதிக்கு மேல் இருந்தால், எங்கோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

7. 20 இன்ச் பாரை வைத்து 30 இன்ச் கட்டையை அறுப்பது

தலைக்கவசம், கண் மறைப்பு, காது மறைப்பு, செயின் தடுக்கும் கால்சட்டை, முன்னால் இரும்பு வைத்த பூட்ஸ். இவை இல்லாமல் மிஷினைத் தொட வேண்டாம்.

கட்டை எப்படிக் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். இரு முனையும் தாங்கலில், நடு அந்தரத்தில் என்றால் மேல்பக்கம் நெருக்கும், அடிப்பக்கம் விரியும்: மேலே மூன்றில் ஒரு பங்கு, பிறகு அடியிலிருந்து மேல் நோக்கி. ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் தலைகீழ்: முதலில் அடியில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. நெருக்கும் பக்கத்தை முழுதாக அறுக்க முயன்றால் பார் பூட்டு போட்டதுபோல் மாட்டிக்கொள்ளும். கீழே சொல்வது முழு நீளமும் தரையில் படிந்து கிடக்கும் கட்டைக்கு.

முதலில் கயிற்றைக் கட்டையைச் சுற்றி இழுத்து, சாக்பீஸால் முழு வட்டம் கோடு போடுங்கள். இரண்டு பக்க வெட்டும் ஒரு இன்ச் விலகிவிட்டால் நடுவில் படிபோல் நின்று கட்டை பிரியாது. கோட்டின் இரு பக்கமும் பட்டையிலுள்ள மண்ணைத் தட்டி எடுங்கள், அல்லது கோடாரியால் பட்டையையே செதுக்கிவிடுங்கள்.

சரிவான இடத்தில் மேட்டுப் பக்கம் நின்று, பம்பர் முள்ளைப் பட்டையில் ஊன்றி, முழு வேகத்தில் மேலிருந்து இறக்குங்கள். முதல் நான்கு இன்ச் ஆழம் வரை பார் நுனி மறுபக்கம் வெளியே தெரியும். அதற்குக் கீழே கட்டையின் அகலம் 20 இன்ச்சைத் தாண்டுவதால் நுனி மரத்துக்குள் புதைந்துவிடும். ஆபத்து தொடங்கும் இடம் இதுதான். நுனியின் மேல் பாதி மரத்தில் மோதினால் மிஷின் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். கிக்பேக் என்பது இதுதான். நுனி உள்ளே இருக்கும்வரை பாரைச் சீராகக் கீழ்நோக்கியே நகர்த்துங்கள். பாதி இழுத்துவிட்டு, ஓடும் செயினோடு மறுபடி உள்ளே குத்த வேண்டாம். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்பதைத் தொடங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

பாரின் முதுகு பட்டைக்குக் கீழே மூன்று நான்கு இன்ச் இறங்கியதும் நிறுத்தி, வெட்டுவாயில் இரண்டு பிளாஸ்டிக் ஆப்பைத் தட்டி இறக்குங்கள். இரும்பு ஆப்பு வேண்டவே வேண்டாம், செயின் பட்டால் பல்லெல்லாம் போய்விடும். பிறகு உங்கள் பக்கத்தை முக்கால் ஆழம் வரை அறுங்கள்.

மிஷினை அணைத்து மறுபக்கம் வாருங்கள். நின்ற செயினோடு பாரைப் பழைய வெட்டுக்குள் வைத்து, பிறகு முடுக்கி, கோட்டைப் பார்த்தபடி முக்கால் ஆழத்துக்கு இறக்குங்கள். மிச்சத்தைத் தரை வரை அறுக்க வேண்டாம்: பல் ஒரு முறை மண்ணைத் தொட்டால் அரைமணி நேர அரவேலை. கடப்பாரையால் கட்டையைப் புரட்டி, மிச்சத்தை மேலிருந்து முடியுங்கள்.

8. கோளாறும் காரணமும்

*சீவலுக்குப் பதில் மாவுபோல் தூள் வருகிறது.* கூர் போய்விட்டது. அழுத்தினால் சரியாகாது, பார்தான் சூடாகும். 3/8க்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர் வட்ட அரம், .325க்கு 4.8, .404க்கு 5.5, லோ புரொஃபைலுக்கு 4.0.

*கூர் இருந்தும் பல் கடிக்கவில்லை.* பல்லுக்கு முன்னால் நிற்கும் ரேக்கர் உயர்ந்துவிட்டது. 3/8 செயினில் அது பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். வேகம் கிடைக்கிறதே என்று அதற்கு மேல் அராவினால் செயின் மரத்தைப் பிடுங்கும், எஞ்சின் நிற்கும், கிக்பேக்கும் கூடும்.

*வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகிறது.* ஒரு பக்கத்துப் பல் மட்டும் குட்டையாகியிருக்கும், அல்லது பாரின் ஒரு விளிம்பு தேய்ந்திருக்கும். எல்லாப் பல்லையும் மிகக் குட்டையான பல்லின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறை கூர் போடும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் தேய்மானம் சமமாகும்.

*கட்டையின் நடுவில் செயின் நிற்கிறது, எஞ்சின் உறுமுகிறது, கருகல் வாடை வருகிறது.* கிளட்ச் வழுக்குகிறது. உடனே ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். கூர் சரியாக இருந்து, பார் நெருக்கப்படாமலும் இருந்து, இது திரும்பத் திரும்ப நடந்தால் பார் எஞ்சினுக்கு நீளம். குட்டையான பாருக்கு மாறுவது, ஸ்கிப் செயின் போடுவது, ஸ்ப்ராக்கெட் எட்டுப் பல்லாக இருந்தால் ஏழுக்கு இறங்குவது என மூன்று வழி உண்டு. ஏழு பல்லில் செயின் வேகம் குறையும், இழுவை கூடும்.

*புதுச் செயின் போட்டும் துள்ளுகிறது.* ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள். அதில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினையும் தன் அளவுக்குக் கெடுத்துவிடும்.

9. பலகை அறுக்கவும் அதே மிஷின் வேண்டுமென்றால்

கட்டையைக் குறுக்கே அறுப்பதும் நெடுக்காகப் பலகையாக்குவதும் எஞ்சினுக்கு ஒன்றல்ல. நெடுக்கு அறுப்பில் முழு வேகத்தில் நிமிடக்கணக்கில் ஓட வேண்டும். 70 சிசி குறைந்தபட்சம், 90க்கு மேல் நல்லது. பலகை ஒரே தடிமனில் வரப் பாரில் மாட்டும் மில் சட்டம் பாரின் இரு முனையிலும் சேர்த்துச் சில இன்ச்களைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், 36 இன்ச் பாரில் 30 இன்ச்சை ஒட்டிய பலகைதான் கிடைக்கும். இங்கே மட்டும் இரு பக்க அறுப்பு என்ற தப்பிக்கும் வழி கிடையாது, பார் கட்டையின் முழு அகலத்தையும் தாண்டியே ஆக வேண்டும். சாதாரண செயினில் பல்லைக் கூர் போடும் 30 டிகிரி சாய்வுக்குப் பதில் 10 டிகிரி சாய்வுள்ள ரிப்பிங் செயின் போட்டால் பலகை வழவழப்பாக வரும்.

இரண்டு வேலையும் உண்டு என்றால் ஒரே மிஷினுக்கு இரண்டு பார் வைத்துக்கொள்வதே சிக்கனம். 90 சிசிக்கு 24 இன்ச் ஒன்று, 36 இன்ச் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் அதன் செயினைத் தனித்தனியாகக் கட்டி, லிங்க் எண்ணிக்கையை உறையிலேயே எழுதி வையுங்கள். இரண்டுக்கும் பிட்ச்சும் கேஜும் ஒன்றாக இருக்கும்படி வாங்கினால் ஸ்ப்ராக்கெட் மாற்ற வேண்டியதில்லை. 36 இன்ச் பாரை ஏற்றும்போது ஆயில் திருகை முழுக்கத் திறந்து, அட்டைச் சோதனையை இன்னொரு முறை செய்துவிட்டு அறுக்கத் தொடங்குங்கள்.